பழைய லேண்ட் ரோவரில் ஆடும் பெடலைச் சரிசெய்வது எப்படி: டர்பன் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பிரேக் பெடலில் கால் வைத்ததும் அது ஒருபக்கம் சாய்கிறது. கிளட்ச் பெடல் பாதி தூரம் சும்மா இறங்கிய பிறகுதான் கனம் தெரிகிறது. மேடு பள்ளத்தில் போனால் இரண்டும் கடகடக்கின்றன. உங்கள் சீரீஸ் 2, 2ஏ அல்லது 3 லேண்ட் ரோவரில் இவற்றில் ஒன்றாவது இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சீரீஸ் 1 வண்டியில் பெடல்கள் தரைக்குக் கீழிருந்து மேலே வருபவை. அதன் வேலை வேறு, இங்கே அதைத் தொடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கோளாறு பல வருடம் மறைந்தே கிடக்கும். சொந்த உபயோக வண்டிக்கு ஆண்டுதோறும் லைசன்ஸ் டிஸ்க் புதுப்பிக்கும்போது யாரும் வண்டியைப் பார்ப்பதில்லை. கைமாறும்போதுதான் ரோட்வொர்தி சோதனை, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்ற சோதனை கேட்பார்கள். அதனால் சாட்ஸ்வொர்த்திலோ டோங்காட்டிலோ ஒரு வீட்டின் பின்புறத்தில் இருபது வருடம் ஒரே குடும்பத்தில் இருந்த வண்டியை நீங்கள் வாங்கினால், பெடல் புஷ்களை (பெடல் சுழலும் தண்டைச் சுற்றி இருக்கும் வெண்கல உறைகளை) யாரும் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வேலை கஷ்டமானதல்ல. ஆனால் தவறான பாகத்தை வாங்கிப் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர். கடைசி அளவில் தவறு செய்து, நன்றாக இருந்த பிரேக்கைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. முதல் படியிலும் எட்டாம் படியிலும் அதிக நேரம் செலவிடுங்கள்.

1. எங்கே ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பாகம் வாங்கும் முன் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். "பெடல் லூஸ்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் ஐந்தாறு கோளாறுகள் உண்டு.

பெடலைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். பாதம் படும் இடத்தில் 5 மி.மீ.க்கு மேல் அசைந்தால் புஷ்ஷோ, பெடல் சுழலும் தண்டான ஷாஃப்டோ தேய்ந்திருக்கிறது. பெடலின் கை நீளம், அதைத் தாங்கும் ஹப் (ஷாஃப்ட் நுழையும் பகுதி) குட்டை. அதனால் மேலே அரை மில்லிமீட்டர் தேய்மானம்கூடக் கீழே பெரிய ஆட்டமாகத் தெரியும்.

அடுத்து, எஞ்சின் பக்கம் போய், எஞ்சினுக்கும் ஓட்டுநர் பக்கத்துக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் உட்கார்ந்திருக்கும் பெடல் பெட்டியின் மேல் மூடியைக் கழற்றுங்கள். ஒருவர் உள்ளே பெடலை மெதுவாக அழுத்தட்டும், நீங்கள் மேலிருந்து பாருங்கள். பெடலின் மேல் முனையில் குறுக்காக ஒரு சிறு உருளை இருக்கும். அதற்கு ட்ரனியன் என்று பெயர். பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுப்பது மாஸ்டர் சிலிண்டர். அதன் தள்ளுகம்பியான புஷ்ராட் ட்ரனியனின் நடுவே நுழைந்து, இரு பக்கமும் நட் போட்டு நிற்கும். பெடல் நகர்ந்தும் புஷ்ராட் கொஞ்ச நேரம் நகராமல் நின்றால், ட்ரனியனோ அது உட்காரும் துளையோ தேய்ந்திருக்கிறது, அல்லது நட் தளர்ந்திருக்கிறது. நட் தளர்ந்ததுதான் காரணம் என்றால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். புஷ் வாங்க ஓட வேண்டாம்.

அப்படியே ஷாஃப்டின் முனைகளையும் பாருங்கள். பெடலோடு சேர்ந்து ஷாஃப்டும் சுழல்கிறதா? ஷாஃப்டைப் பெட்டியோடு பூட்டும் பின் முறிந்திருந்தால் அப்படித்தான் நடக்கும். ஷாஃப்ட் பெட்டியின் துளையைத் தின்று முட்டை வடிவமாக்கிவிடும். அப்போது புஷ் மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

பெட்டியே அசைகிறதா என்றும் பாருங்கள். கால் வைக்கும் குழியின் தகடு துருப்பிடித்து, பெட்டியின் போல்ட்கள் பிடிமானம் இழந்த வண்டிகள் கடலோரத்தில் அதிகம். அப்படியானால் முதலில் தகட்டு வேலை, பிறகுதான் பெடல்.

கிளட்ச் பெடலுக்கு இன்னொரு இடமும் உண்டு. சீரீஸ் 2, 2ஏ வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் (திரவ அழுத்தத்தை வாங்கி கிளட்சை இயக்கும் சிலிண்டர்) தள்ளும் நெம்புகோலில் இருந்து கிளட்ச் வரை ஒரு குறுக்கு ஷாஃப்டும், அதை இணைக்கும் குழாயும், அந்தக் குழாயில் பின்களும் இருக்கின்றன. அந்தத் துளைகள் தேய்ந்தால் பெடலின் பாதி ஓட்டம் அங்கேயே வீணாகும். மேலே எல்லாம் புதிதாகப் போட்டும் கியர் நறநறக்கிறது என்று தலையில் கை வைப்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். வண்டிக்கு அடியில் படுத்து, ஒருவர் பெடலை மிதிக்கும்போது குழாயின் இரு முனைகளையும் பாருங்கள். சீரீஸ் 3-ல் ஸ்லேவ் சிலிண்டர் நேராக பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டில்) பொருந்துவதால் இந்தத் தொல்லை இல்லை.

பெடல் ஆட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மூன்று: பெடல் பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் சீல். பிரேக் தாழ்வாகப் பிடித்து, இரண்டாவது மிதியில் மேலே வந்தால் பிரேக் ஷூ தளர்ந்திருக்கிறது, அதைச் சக்கரத்தில்தான் சரிசெய்ய வேண்டும். மூன்றுக்கும் புஷ் மருந்தல்ல.

2. என்னென்ன வாங்க வேண்டும், பணம் எங்கே போகும்

இரண்டு பெடலையும் ஒரே தடவையில் செய்துவிடுங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதும் அநேகமாகத் தேய்ந்திருக்கும், திரவ ஒழுகலும் ப்ளீடிங்கும் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது) ஒருமுறையோடு போகும். தேவையானவை:

ஒரு பெடலுக்கு இரண்டு வெண்கல புஷ், ஆக நான்கு. ஷாஃப்ட் இரண்டு, அவற்றைப் பூட்டும் பின் இரண்டு. ட்ரனியன் தேய்ந்திருந்தால் அதுவும். பெடல் ரப்பர் இரண்டு. பெட்டிக்கும் தீச்சுவருக்கும் இடையே போடும் சீல், மேல் மூடியின் சீல். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங், பழையது நீண்டிருந்தால். பிரேக் திரவம் ஒரு லிட்டர், டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடையாத புது டப்பா.

செலவில் மிகச் சிறியது ரப்பர், பிறகு புஷ், பிறகு ஷாஃப்ட். லேத் பட்டறைக் கூலி இவை எல்லாவற்றையும் தாண்டலாம். மாஸ்டர் சிலிண்டர் மாற்ற நேர்ந்தால் அதுவே பெரிய செலவு. புஷ்ராட் நுழையும் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சிலிண்டர் ஒழுகுகிறது. பெட்டி வெளியே வரும்போதே அதையும் மாற்றிவிடுவது நல்லது. பிறகு தனியாகச் செய்தால் இதே உழைப்பு இன்னொரு முறை.

பிரிட்டனில் இருந்து பாகம் வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியும், சுங்கமும், கூரியர்காரரின் கட்டணமும் சேரும். சிறு பாகத்துக்கு பாகத்தின் விலையை விட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். நான்கு புஷ்ஷுக்காக மட்டும் வரவழைக்காதீர்கள். ஜேக்கப்ஸ், மோபெனி, பைன்டவுன் பக்கத்துப் பட்டறைகளில் எஸ்ஏஇ 660 வெண்கலக் கம்பியில் கடைந்து தரச் சொன்னால் அசலுக்குக் குறையாமல் உழைக்கும்.

பழைய இரும்புக் கடையில் முழுப் பெடல் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கி வராதீர்கள். அதுவும் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கும். சீரீஸ் 2-க்கும் 3-க்கும் பெட்டியில் வித்தியாசம் உண்டு. பெட்டியின் துளை உங்களிடம் முட்டை வடிவமாகி, அங்கே வட்டமாக இருந்தால் மட்டும் வாங்கலாம். வாங்கும் முன் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

3. நாட்களைத் திட்டமிடுங்கள்

ஒரே வாரக்கடைசியில் முடிப்பேன் என்று தொடங்கினால் ஞாயிறு மாலை வண்டி வாசலில் கை விரித்துக் கிடக்கும். பட்டறைகள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் திறந்திருப்பது அரிது. இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: வெள்ளி மாலை எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் தெளிப்பது. சனி காலை கழற்றுவது, அளப்பது. திங்கள் காலை பட்டறையில் கொடுப்பது. வாரத்துக்குள் வாங்கி, அடுத்த சனி பொருத்துவது, ஞாயிறு ப்ளீடிங்கும் ஓட்டிப் பார்ப்பதும். ஆக, வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். வேலைக்குப் போக வேறு வழி செய்துகொண்டு தொடங்குங்கள்.

டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி முதல் வாரம் வரை பட்டறைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். ஈஸ்டர் நான்கு நாளும் அப்படியே. இசிபிங்கோ மாரியம்மன் கோயில் பூசைக்கு வண்டி வேண்டும் என்றால், குறைந்தது மூன்று வாரம் முன்பே கழற்றுங்கள்.

4. கழற்றுவது

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் கவனம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் யுஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு மரை. கால் அங்குல போல்ட்டின் தலைக்கு 7/16 ஸ்பேனர், 5/16 போல்ட்டுக்கு 1/2 அங்குல ஸ்பேனர். 11, 13 மில்லி ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். முன்பு கைவைத்தவர் யாராவது 5/16 துளையில் 8 மில்லி போல்ட்டை அடித்து நுழைத்திருக்கவும் கூடும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்த மரையை டேப் போட்டு அறுத்து யுஎன்எஃப்புக்குத் திருப்புங்கள், அல்லது புது நட் போடுங்கள். இது பிரேக் பெட்டி என்பதை மறக்க வேண்டாம்.

திரவத் தொட்டியின் மூடியைத் திறந்து, வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மறுபடி மூடினால் ஒழுகல் குறையும். மாஸ்டர் சிலிண்டருக்கு வரும் குழாய் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகாதீர்கள். குழாய் நட்டுக்கென்றே வரும், ஒரு பக்கம் வெட்டுள்ள ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு, மறுபடி எண்ணெய் போட்டுக் காத்திருங்கள். முறுக்கிய குழாயைப் பிறகு நேராக்கிப் போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். மாற்றுவதானால் செம்பு நிக்கல் குழாய் போடுங்கள், உப்புக் காற்றில் துருப்பிடிக்காது.

கழன்ற குழாய் முனையில் ரப்பர் மூடி. பெயிண்டில் திரவம் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

பிரேக் விளக்கின் சுவிட்ச் சில வண்டிகளில் திரவக் குழாயிலும், சிலவற்றில் பெடல் பெட்டியிலும் இருக்கும். பெட்டியில் இருந்தால் ஒயர்களைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். பிறகு பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்தே மேலே தூக்குங்கள். பெடலின் அடிப்பகுதி துளை வழியாக வர, சற்றுச் சாய்க்க வேண்டியிருக்கும். கீழே கார்ப்பெட் ஈரமாக இருக்கிறதா என்று இப்போது தொட்டுப் பாருங்கள். அது மழைத் தண்ணீரா, பிரேக் திரவமா என்று விரலில் தேய்த்தால் தெரிந்துவிடும்.

5. பெட்டியைப் பிரிப்பதும் அளப்பதும்

புஷ்ராட் நட்கள் இப்போது எந்த இடத்தில் நிற்கின்றன என்று அளந்து எழுதிக்கொண்ட பிறகு கழற்றுங்கள். சிலிண்டரைப் பிரித்து எடுங்கள். ஸ்பிரிங்கை எடுக்கும்போது கண்ணாடி அணியுங்கள்.

ஷாஃப்டைப் பூட்டும் பின்னை, அதைவிடக் கொஞ்சம் மெல்லிய பஞ்ச் வைத்து அடித்து வெளியேற்றுங்கள். தடித்த பஞ்ச்சால் அடித்தால் பின்னின் தலை விரிந்து இன்னும் இறுகும். பின் வெளியே வராமல் ஷாஃப்டைச் சுத்தியால் அடிப்பதுதான் இந்த வேலையில் அதிகம் பேர் செய்யும் தவறு. பின்னும் வளையும், பெட்டியின் துளையும் கிழியும். பின் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அழுக்கைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள், கண்ணுக்குத் தெரியும்.

ஷாஃப்ட் வந்ததும் வெர்னியரால் மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: தேயாத நடுப்பகுதி, புஷ் உட்கார்ந்த இரு இடங்கள். நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் ஷாஃப்ட் போனது. புது புஷ்ஷைப் பழைய ஷாஃப்டில் போட்டால் சில மாதத்தில் பழைய ஆட்டமே திரும்பும். புஷ் மாற்றினால் ஷாஃப்டையும் மாற்றுவது என்று ஒரே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் துளையையும் செங்குத்தாக ஒன்று, கிடையாக ஒன்று அளங்கள். இரண்டுக்கும் 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி உள்வளையம் போடச் சொல்லுங்கள். பெடலின் கையில் வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். வளைவுகளிலும் ஹப் பக்கத்திலும் முக்கியமாக. வெடித்த பிரேக் பெடலை வீட்டில் வெல்டிங் செய்து ஓட்டக் கூடாது. வேறு பெடல் தேடுங்கள்.

6. லேத் பட்டறைக்குப் போகும்போது

புஷ் அளவை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் இரண்டாவது தடவை நடக்க வேண்டியிருக்கும். பெடல், பழைய ஷாஃப்ட், பழைய புஷ், பெட்டி நான்கையும் கொண்டுபோங்கள். பட்டறைக்காரரிடம் வேலையின் வரிசையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

முதலில் ஷாஃப்ட். சில்வர் ஸ்டீல் கம்பியோ இஎன்8 கம்பியோ போதும். தேயாத இடத்தில் அளந்த விட்டமே அளவு. பின்னுக்கான துளையைப் பெட்டியில் வைத்தே குறித்துத் துளைக்க வேண்டும்.

பிறகு புஷ்ஷைப் பெடல் ஹப்பில் அழுத்திப் பொருத்துவது. 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இறுக்கம் இருந்தால் நகராது. உள்ளே போகும்போது புஷ்ஷின் துளை சற்றுச் சுருங்கும். அதனால்தான் வெளியே வைத்து ஷாஃப்டைப் போட்டுப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கடைசியாக ரீமர், அதாவது துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி. இரண்டு புஷ்ஷையும் ஒரே ரீமரால், ஒரே ஓட்டமாக, நேர்கோட்டில் அறுக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தனித்தனியே அறுத்தால் கோணல் வரும், ஷாஃப்ட் ஒரு புஷ்ஷில் நுழைந்து மற்றதில் மாட்டும். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் 0.03 முதல் 0.08 மி.மீ. இடைவெளி. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது.

ஹப்பின் மேலே எண்ணெய் விடும் துளை இருந்தால், புது புஷ் அதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடையில் எண்ணெய் ஊறிய வகை வெண்கல புஷ் வாங்கினால், அதைப் பொருத்தும் முன் எஸ்ஏஇ 30 எண்ணெயில் ஒரு நாள் ஊறப்போடுங்கள். அந்த வகையை அதிகம் ரீமர் செய்யக் கூடாது, நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வெளியே வராது. அளவு சரியாக வரும் புஷ்ஷாகவே தேர்ந்தெடுங்கள்.

ரசீதில் என்ன வேலை, எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். வண்டியை விற்கும்போது அந்தத் தாள் பேசும்.

பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே செய்ய வேண்டுமானால், பழைய புஷ்ஷை விட ஒரு நூல் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கமும், பெரிய சாக்கெட்டை மறுபக்கமும் வைத்து வைஸில் இறுக்கினால் வெளியே வரும். புதியதையும் அப்படியே, நேராக, மெதுவாக அழுத்தலாம். ரீமரை மட்டும் கடன் வாங்கியாவது கொண்டுவாருங்கள். துளைக்கும் பிட்டோ உப்புத்தாளோ அதற்கு மாற்றாகாது.

7. திரும்பப் பொருத்துவது

ஷாஃப்டில் மெல்லிய கிரீஸ் பூசி, பெடலை வைத்து ஷாஃப்டை நுழைத்துவிடுங்கள். புது பின்னை அடித்து இறக்குங்கள். பெடலைத் தூக்கி விட்டால் தன் கனத்திலேயே விழ வேண்டும். நடுவில் நின்றால் எங்கோ பிடிக்கிறது. இப்போதே சரிசெய்யுங்கள், ஸ்பிரிங் மாட்டிய பிறகு அது தெரியாது.

பெட்டிக்கும் தீச்சுவருக்கும் இடையே புது சீல் வைத்து, போல்ட் எல்லாவற்றையும் கையால் தொடங்கி, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். பழைய சீலை ஒட்டு போட்டு வைத்தால் முதல் மழையில் கால் நனையும். குழாய் நட்டையும் முதல் இரண்டு மூன்று சுற்று விரலால்தான்.

ரப்பரை மாட்டும்போது எண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் பட்ட ரப்பர் செருப்புக்கு அடியில் வழுக்கும்.

8. சும்மா ஓட்டம்: இங்கேதான் உயிர் இருக்கிறது

பெடல் ஆட்டத்தை எல்லாம் எடுத்த பிறகு, பெடலில் கொஞ்சம்கூடச் சும்மா ஓட்டம் இருக்கக் கூடாது என்று சிலர் புஷ்ராட்டை இறுக்கிவிடுகிறார்கள். தொட்டதும் பிடிக்கும் பெடல் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதுதான் பொறி.

காலை எடுத்ததும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான், தொட்டிக்குப் போகும் வழி திறக்கும். புஷ்ராட் அதைத் தள்ளியபடியே இருந்தால் வழி மூடியே கிடக்கும். ஓட ஓட பிரேக் சூடாகும், திரவம் விரியும், திரும்ப இடமில்லாததால் ஷூக்களை இன்னும் தள்ளும், இன்னும் சூடாகும். கடைசியில் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், அல்லது திரவம் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிளட்சிலும் இதேபோல இறுக்கினால் ரிலீஸ் பேரிங் எப்போதும் சுழன்று தேயும், கிளட்ச் வழுக்கும்.

அளவுகள்: கிளட்ச் பெடலின் கீழ் விளிம்பில் இருந்து தரைக்கு 140 மி.மீ. இருக்குமாறு, பெடலை நிறுத்தும் போல்ட்டை முதலில் வையுங்கள். பிறகு புஷ்ராட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1.5 மி.மீ. இடைவெளி வருமாறு ட்ரனியனின் இரு பக்க நட்களையும் திருகுங்கள். பெடல் பாதத்தில் அது ஏறக்குறைய 6 மி.மீ. சும்மா ஓட்டமாகத் தெரியும். உயரம் முதலில், இடைவெளி பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். சர்வோ (மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் கருவி) இல்லாத பிரேக்குக்கும் அதே 1.5 மி.மீ. சர்வோ உள்ள சீரீஸ் 3-ல் பிரேக் புஷ்ராட் அமைப்பு வேறு, பட்டறைக் கையேட்டில் உங்கள் வண்டிக்கான பக்கத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

இடைவெளியைக் காலால் அளக்காதீர்கள். விரலால் பெடலை மெதுவாக அழுத்தி, எங்கே கனம் தொடங்குகிறது என்று பார்த்து, அருகில் ஸ்கேல் வைத்து அளங்கள். நட்களை இறுக்கும்போது புஷ்ராட் திரும்பி அளவு மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். சரியானதும் நட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு. பிறகு அது நகர்ந்தால் பார்த்ததும் தெரியும்.

பெடலின் உயரம் மாறியதால் பிரேக் விளக்கு எப்போதும் எரியலாம், அல்லது எரியாமலே போகலாம். ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள்.

9. ப்ளீடிங்கும் ஷூ சரிசெய்வதும்

பிரேக்கில் காற்று எடுக்கும் முன், ஷூ சரிசெய்யும் திருகுகளை முழுதாக இறுக்கி, ஷூவை டிரம்மில் ஒட்ட வையுங்கள். சிலிண்டரில் திரவம் குறைவாகவே போவதால் காற்று சீக்கிரம் வரும். 10 அங்குல டிரம் உள்ள குட்டை வண்டியில் சக்கரத்துக்கு ஒரு திருகு. 11 அங்குல டிரம் உள்ள நீள வண்டியின் முன்சக்கரத்தில் இரண்டு. இரண்டாவதை மறப்பவர்கள் உண்டு.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடப்பக்கப் பின்சக்கரம். வெளியே வந்த திரவத்தைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. சீல்களைப் பெட்ரோலிலோ எஞ்சின் எண்ணெயிலோ கழுவினால் அவை ஊதிப்போகும், பிரேக் திரவத்தில் மட்டும் கழுவுங்கள். முடிந்ததும் திருகுகளைத் தளர்த்தி, சக்கரம் சுதந்திரமாகச் சுழலும் இடத்தில் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. லேண்ட் ரோவரின் கை பிரேக் சக்கரங்களில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருளலாம், கை பிரேக் போட்டிருந்தாலும். எனவே கட்டைகள் கண்டிப்பாக வேண்டும். ஜாக்கியின் மேல் மட்டும் வண்டியை விட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

10. ஓட்டிப் பார்ப்பது

முதலில் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் கீழே போகக் கூடாது, எந்த இணைப்பிலும் ஈரம் தெரியக் கூடாது. பிறகு தெருவில் நடை வேகம். பிறகு ஐந்து கிலோமீட்டர் சமதளத்தில், முடிந்தவரை பிரேக் தொடாமல். நிறுத்தி, நான்கு டிரம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஏதாவது ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் ஷூ இறுக்கம். நான்கும் கொதித்தால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள், புஷ்ராட்டில் இடைவெளி இல்லை. இது தெரியாமல் மலைப்பக்கம் ஓட்டிப் பார்க்கப் போகக் கூடாது.

500 கிலோமீட்டருக்குப் பிறகு பெட்டியின் போல்ட்களையும் புஷ்ராட் நட்களையும் மறுபடி பாருங்கள். எண்ணெய்த் துளை இருந்தால் சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் இரண்டு சொட்டு.

11. ரோட்வொர்தி, தாள்கள், தேதிகள்

வண்டியை வாங்கியவர் 21 நாளுக்குள் தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். ரோட்வொர்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். எனவே வாங்கும் முன்பே பெடலை ஆட்டிப் பார்த்து, வேலைக்கு ஒன்றரை வாரம் ஆகும் என்று கணக்கில் வையுங்கள். விற்பவரோடு பேசி, வேலை முடிந்த பிறகு பெயர் மாற்றத் தாளில் கையெழுத்திடுவது இரு பக்கத்துக்கும் நிம்மதி.

சோதனை நிலையத்துக்கு அடையாளச் சீட்டும் வண்டியின் பதிவுச் சான்றிதழும் கொண்டுபோங்கள், ஏசிஆர் படிவம் (ரோட்வொர்தி சான்றிதழுக்கான விண்ணப்பம்) நிரப்ப வேண்டும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தாளோடு ஒப்பிடுவார்கள். பழைய லேண்ட் ரோவரில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம். எண் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே துடைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். கட்டணம் நிலையத்துக்கு நிலையம் மாறும், முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

பெடலைப் பொறுத்தவரை அவர்கள் பார்ப்பது: ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, பெடல் ஆடுகிறதா, மிதித்தால் தரையைத் தொடுகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, எங்காவது ஒழுகல் உண்டா. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ரப்பருக்காக மட்டும் திருப்பி அனுப்பப்பட்ட வண்டிகள் உண்டு. குறை சொன்னால், 14 நாளுக்குள் சரிசெய்து அதே நிலையத்துக்கு மறுசோதனைக்குப் போங்கள். தாண்டினால் முதலில் இருந்து முழுச் சோதனை, முழுக் கட்டணம்.

லைசன்ஸ் காலாவதியான வண்டியைச் சோதனைக்கு ஓட்டிப்போக, பதிவு அலுவலகத்தில் சிறப்பு அனுமதி வாங்கலாம். அது 3 நாளுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை வாங்கினால் இரண்டு நாள் வீட்டு வாசலிலேயே கழிந்துவிடும். சோதனைக்கு நேரம் உறுதியான பிறகு, வாரத் தொடக்கத்தில் வாங்குங்கள். பிரேக் சரியாக வேலை செய்யாத வண்டியை அந்த அனுமதியோடும் தெருவில் இறக்க வேண்டாம், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.